சாகாத பம்ப்

அச்சிமுகம்மது ஹாஜியாரின் லொறி ஒரு நாளும் பழுதாகி நின்றதில்லை. நின்றது என்று யாராவது சொன்னால் ஹாஜியார் திருத்துவார்: லொறி கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிவாசல் தலைவர் ஒருவரின் வாகனம் பழுதாவது ஊருக்கே மானக்கேடு என்பது அவருடைய எண்ணம். ஆகவே அந்த லொறி கல்முனையில் நடுச்சந்தியில் நின்று, பின்னால் பஸ்களெல்லாம் ஹோன் அடித்து, சந்தைக்கு வந்த சனம் சாமான் பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிய நாளிலும், அது பழுதாகவில்லை. களைத்திருந்தது.

களைத்தது உண்மையில் டீசல் பம்ப். எஞ்சினின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, டீசலை அமுக்கி, மெல்லிய குழாய்களின் வழியே எஞ்சினுக்குள் பீச்சுகிற சாமான். அது சரியாக அமுக்கினால் லொறி ஓடும். அமுக்கம் குறைந்தால் லொறி வெறும் இரும்பு. அந்தப் பம்பைக் கெடுத்தவர்கள் இரண்டு பேர். யோசனை ஹாஜியாருடையது, கை சாரதி நூஹுவுடையது.

நாட்டில் டீசல் இல்லாமல் சனம் வரிசையில் படுத்துத் தூங்கிய காலம் அது. கல்முனைக் கடற்கரையில் தோணி எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுவது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஹாஜியாருக்கு அதிலிருந்து ஒரு ஞானம் பிறந்தது. அலையடிக்கிற கடலில் போகிற எஞ்சினுக்கு ஒத்துக்கொள்கிற எண்ணெய், தார் ரோட்டில் போகிற எஞ்சினுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது? தோணி எஞ்சின் வேறு இனம், அதற்கு இந்தப் பம்பே கிடையாது என்று எடுத்துச் சொல்ல அன்று அவர் பக்கத்தில் ஆளில்லை. இருந்திருந்தாலும் ஹாஜியார் பேசும்போது குறுக்கே கதைக்கிற வழக்கம் ஊரில் கிடையாது. மீன்காரர்களிடம் மண்ணெண்ணெய் வாங்கி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து, வழுவழுப்புக்கென்று ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் சேர்த்து, பிஸ்மி சொல்லி ஊற்றினான் நூஹு. லொறி ஓடியது. விஞ்ஞானிகளுக்குத் தோன்றாதது தனக்குத் தோன்றியதைப் பற்றி ஹாஜியார் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளி வாசலில் நின்று நெடுநேரம் வியந்தார்.

அந்தப் பம்புக்கு உள்ளே டீசல்தான் எண்ணெய்ப்பசை. மண்ணெண்ணெய் அந்தப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். பம்ப் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வரிசைகள் கலைந்து, டீசல் தாராளமாகக் கிடைத்து, எல்லோரும் அந்தக் காலத்தைப் பகிடியாகக் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் தன் கணக்கை எடுத்து நீட்டியது.

பாண்டிருப்பில் பம்ப் வேலை செய்கிற சிவக்கொழுந்து வந்து பார்த்தார். சூடில்லாதபோது ஸ்டார்ட் வரும், ஓடிக்கொண்டிருந்தால் ஓடும், சூட்டோடு நிறுத்தினால்தான் வில்லங்கம், சிலவேளை மெதுவாக்கினாலும் நின்றுவிடும் என்றார். சூட்டில் டீசல் இளகித் தண்ணீர்போலாகி, தேய்ந்த இடத்தால் நழுவிவிடும், அமுக்கம் பிடிக்காது. அப்படி நின்றால் பம்பின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு அடித்தால் ஸ்டார்ட் வரும்.

"ஆனா இது வைத்தியமில்ல காக்கா, பேய்க்காட்டி ஏமாத்துற வேல," என்றார். "கழட்டிச் செய்யத்தான் வேணும். கனநாளைக்குப் பேய்க்காட்டேலாது."

கழற்றினால் லொறி நிற்க வேண்டும். லொறி நின்றால் கல் வராது. கல் வராவிட்டால் பள்ளிவாசலின் புது வாசல்வளைவைத் திறக்க முடியாது. ஊர்க்காசில் கட்டிய அந்த வளைவுக்கு ஹாஜியார் தன் சொந்தச் செலவில் செய்தது ஒன்றே ஒன்று, தன் பெயர் பொறித்த சலவைக்கல். கண்டியில் செதுக்கச் சொல்லியிருந்தார். மேலே பிஸ்மி ஒரு வரி. கீழே ஹாஜியார் நான்கு வரி. அல்ஹாஜ், தேசமான்ய, சாமஸ்ரீ என்று பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பெயருக்கு இடம் போதாமல், கல்லை ஓரடி அகலமாக்க வேண்டியதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எம்பி வந்து திரை விலக்குவதாக ஏற்பாடு. பம்பைத் திறப்பு விழாவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். அதுவரை ஈரச் சாக்கு.

நூஹுவின் மனைவி ஹாஜறாவுக்கும் அந்தச் சாக்கைத் தெரியும். முற்றத்தில் லொறி நிற்கும்போது நூஹு அதை வாளியில் நனைத்துப் பிழிந்து, பம்பின்மேல் கவனமாக மடித்து வைப்பதை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துகொண்டு வந்தன. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். கால் வீங்கும், முகம் வீங்கும், வாய் மட்டும் வீங்காது.

"காய்ச்சல்காரிக்குப் போடுறாப்போல எவ்வளவு பக்குவமாப் போடுறீங்க," என்றாள் ஒருநாள். "எனக்கு ஒரு நாளாவது நெத்தியில துணி நனச்சிப் போட்டிரிக்கீங்களா?"

"உனக்கென்ன புள்ள, நீ சூட்டோட நிப்பாட்டினாலும் ஸ்டார்ட் வாற ஆள்."

அவள் சிரித்தாள். அதன்பிறகு இரண்டு நாளைக்கு, நூஹு கூப்பிடுகிற நேரமெல்லாம், களைத்துப்போன எஞ்சின்போல இருமிக்காட்டிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

ஹாஜியாரை அவள் ஒருபோதும் பெரிய மனிதராக எடுத்துக்கொண்டதில்லை. பிரதேச சபையில் ஒரு காலத்தில் தலைவராக இருந்த ஒருவர் மௌத்தானபோது, மந்திரி வருகிறார் என்று ஹாஜியார் ஜனாஸாவை அடக்காமல் ஒரு முழுநாள் கண்ணாடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். மந்திரி வரவில்லை. மந்திரி வராததை ஈடுகட்ட ஹாஜியார் மைக்கைப் பிடித்து, மந்திரி பேசியிருக்கக் கூடியதையும் சேர்த்துத் தானே பேசினார். மையித்து வீட்டுக்காரர் கதிரை போட்டுப் போட்டுக் களைத்தார்கள். அன்று அங்கே போய்விட்டு வந்த ஹாஜறா, தலையிலிருந்த முக்காட்டை எடுக்காமலே நூஹுவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் மௌத்தானா என்ன இப்படி வெச்சிரிக்க ஒண்ணா, கூடாது. அவர மீனு வெச்சாப்போல வெச்சிரிக்காங்க. குளிப்பாட்டி, தொழுவிச்சி, உடனே கொண்டுபோய் வைங்க. ஹாஜியார் மைக்கப் புடிக்க முந்தி."

அன்று நூஹு சிரித்தான்.

கல் எடுக்கக் கண்டிக்குப் போகச் சொன்னபோது அவன் தயங்கினான். வேறு சாரதியைப் பாருங்கள் என்று ஹாஜியாரிடம் சொல்லியும் பார்த்தான். வேறு சாரதிக்கு அந்தப் பம்பின் குணம் தெரியாதே என்றார் ஹாஜியார். அது உண்மை. ஒரு நோயாளியோடு இருந்து பழகியவனை இன்னொரு நோயாளியிடமிருந்து பிரிப்பதற்கு அந்த உண்மை போதுமாக இருந்தது. ஹாஜறாவும் போகச் சொன்னாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்டும் வாங்கிட்டு வர வேணாம். கைய வீசிட்டு வாங்க," என்றாள்.

கல்லைப் பஞ்சு மெத்தையில் சுற்றி, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி, மாப்பிள்ளையை ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை விடிய நூஹு கண்டியிலிருந்து புறப்பட்டான். மலையிறக்கத்தில் வளைவு வளைவாக இறங்கி, மகியங்கனையைத் தாண்டிச் சமதரைக்கு வந்தபோது எஞ்சின் நல்ல சூடு. நிறுத்தாமல் ஓடினால் பகல் சோற்றுக்கு வீட்டில் நிற்கலாம். அப்போதுதான் போன் அடித்தது.

மகள் நஸ்லியா. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாப்பா என்று மட்டும் கேட்டது. அந்த ஒரு சொல் வந்த விதத்திலேயே நூஹு லொறியை ஓரங்கட்டினான். நன்றாகக் கேட்க வேண்டுமென்று அவன் கை தானாகப் போய்த் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியது. எத்தனையோ மாதமாக அந்தக் கையை அவன் காவல் காத்து வந்தான். கடைக்கு நின்றாலும், ஒன்றுக்கு இறங்கினாலும் எஞ்சினை அணைக்க விடமாட்டான். அன்றைக்கு மட்டும் தவறிவிட்டது.

"வாப்பா, உம்மா பொயித்தாங்க," என்றாள் நஸ்லியா.

காலையில் தேத்தண்ணி கேட்டாளாம். ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாளாம்.

இன்னாலில்லாஹி என்று அவன் வாய் சொன்னது. பிறகு சாரதியின் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. இங்கிருந்து பதியத்தலாவை, மகாஓயா, அம்பாறை, காரைதீவுச் சந்தி, வீடு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கச் சொல்லு, அதற்கு முந்தியே வந்துவிடுவேன் என்றான். நேரம் தாராளமாக இருந்தது. அவன் கேட்டது பெரிய காரியமுமில்லை. கபன் துணியை மூடிக் கட்டுவதற்குமுன் அவள் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். பிறகு கபுறுக் குழிக்குள் புருஷன் என்ற முறையில் தானே இறங்கி அவளை வாங்கி வைக்க வேண்டும்.

திறப்பைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

நூஹு இறங்கி, சாக்கை நனைத்துப் பம்பின்மேல் போட்டு, பிளாஸ்டிக் கானிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஆவி வந்தது. அந்த நேரம் ஊரில் பெண்கள் அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளத் தொடங்கியிருப்பார்கள். அந்த நினைப்பு வந்தபோது அவன் கை ஊற்றுவதை நிறுத்தியது. பிறகு மறுபடியும் ஊற்றினான். வேறு என்ன செய்ய?

ஸ்டார்ட் வந்தது. வந்த கையோடு பின்னால் கல்முனை பஸ்ஸும் வந்தது. நூஹுவைத் தெரிந்த கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, என்ன காக்கா, வாறீங்களா என்று கேட்டு பஸ்ஸை மெதுவாக்கச் சொன்னான். லொறி உறுமிக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடும்போது சாரதி லொறியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவதா? நூஹு கையை ஆட்டி, போங்க போங்க, பின்னால வாறன் என்றான்.

பஸ் போனது. இரண்டாவது வளைவில் அது கண்ணுக்கு மறைந்ததையும் அவன் பார்த்தான். அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதியத்தலாவைக்கு அப்பால் ஒரு மேட்டில் எருமைப் பட்டி ஒன்று ரோட்டைக் கடந்தது. எருமைகளுக்கு அவசரமில்லை. லொறியை மெதுவாக்கியதும் எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டு நின்றது. கானில் இருந்த மிச்சத் தண்ணீரையும் ஊற்றினான். ஸ்டார்ட் வந்தது. சாக்கு உலர்ந்ததும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி நின்றது. சுற்றிவரக் காடு. மகாஓயா இன்னும் வரவில்லை.

இந்தப் பம்ப் முழுதாகச் செத்திருந்தால் நூஹு மகியங்கனையிலேயே பஸ்ஸில் ஏறியிருப்பான். லொறியையும் கல்லையும் அதிலிருந்த நான்கு வரியையும் நடுரோட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பான். ஹாஜியார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஆனால் அது சாகவில்லை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எழும்பியது. இனி நிற்காது என்று ஒவ்வொரு தரமும் நூஹு நம்பினான். ஹாஜறாவை மெசினில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிற நாட்களிலும் அவன் இப்படித்தான் நம்பினான். அன்று மாலை அவள் முகம் தெளிந்திருக்கும், சோறு கேட்பாள், யாரையாவது நக்கலடிப்பாள்.

ஊரிலிருந்து ஹாஜியாரின் போன் வந்தது. ஹாஜியார் முறைப்படி தொடங்கினார். உலகம் நிலையில்லாதது என்றார். பொறுமையைப் பற்றி விரிவாகச் சொன்னார். தன் மனம் எப்படி உடைந்துபோயிருக்கிறது என்பதை அதைவிட விரிவாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். ஆகவில்லை என்றான் நூஹு. லொறி ஓடுகிறதா என்று அவர் கேட்கவில்லை. நின்றுபோனதை இவனும் சொல்லவில்லை. மச்சான் ஜவுபர், ஹாஜறாவின் தம்பி, கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்டபோதும், வந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் சொன்னான். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. சாக்கை நனைக்க ஒரு வாளி தண்ணீர் கிடைத்தால் அது உண்மையாகிவிடும்.

தண்ணீரும் கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு சிங்கள விவசாயி, தன் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு தரம் கொண்டுவந்து ஊற்றினார். நூஹுவின் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். மனைவி மௌத்து என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் ஏறு, மகாஓயாவில் இறக்கிவிடுகிறேன், அங்கே வாகனம் பிடிக்கலாம் என்றார். நூஹு மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். பம்பைப் பார்த்தான். அது ஆறிக்கொண்டிருந்தது. இப்போது வந்துவிடும் என்றான்.

வரத்தான் செய்தது. அந்த விவசாயி தோட்டத்துக்குத் திரும்பிப் போன பிறகு, பார்வைக்கு எட்டுகிற தூரம் போய் நின்றது. இந்தத் தரம் தண்ணீரும் இல்லை, ரோட்டில் ஆளும் இல்லை. ஒரு கார் வந்தது, கைகாட்டினான், நிற்கவில்லை.

அப்போதுதான் ஜவுபருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னான். முதலே சொல்லியிருந்தால் வேனைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பேனே மச்சான் என்றான் ஜவுபர். இனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு திரும்ப இருட்டிவிடும். அதுவரை மையித்துத் தாங்காது என்று குளிப்பாட்டிய பெண்கள் சொல்கிறார்கள். உடம்பு நீர் கோத்த உடம்பு.

ஜவுபர் போனை வைத்ததும் ஹாஜியார் எடுத்தார். குரலில் ஒரு எழுச்சி. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்ட குரல்.

"நூஹு, நீ ஒண்டுக்கும் யோசியாத. குளிர்ப்பெட்டிக்குச் சொல்லிட்டன், வந்துகொண்டிரிக்கி. நாளைக்கு எம்பி திறப்பு விழாவுக்கு வாறாரே, அவரையும் ஜனாஸாவில நிப்பாட்டுவம். ஆயிரம் பேர் தொழுவாங்க. நீயும் ஆறுதலா வா, முகத்தப் பாரு. ஒரு சாரதிட பொஞ்சாதிக்கு இந்த ஊரில இப்படியொரு ஜனாஸா நடந்ததில்ல எண்டு…"

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதைச் சொல்லத்தான் வேண்டும். தனக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை எதுவென்று அவர் நினைத்தாரோ அதையே நூஹுவின் மனைவிக்கும் கொடுக்க முன்வந்தார். நூஹுவுக்கும் அது வேண்டியிருந்தது. எம்பியும் ஆயிரம் பேரும் வேண்டியதில்லை, பெட்டி வேண்டும். பெட்டி இருந்தால் நாளைக் காலையில் கண்ணாடிக்கு அப்பால் அவள் இருப்பாள். பார்க்கலாம். ஓம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது.

மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

நஸ்லியா போனை எடுத்தபோது பின்னால் யாரோ யாசீன் ஓதுகிற சத்தம் கேட்டது. அவன் பெட்டியைப் பற்றிச் சொன்னான். தெரியும் என்றாள்.

"நீங்க சொல்றதுதான் வாப்பா. நீங்க வாறமட்டும் வெச்சிரிக்கச் சொன்னா வெச்சிரிப்பம்." கொஞ்சம் பொறுத்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "உம்மாட முகம் மாறிக்கொண்டு வருது," என்றாள்.

நூஹு லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்தான். முக்காட்டை எடுக்காமல் வந்து நின்றவளை அவன் நினைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அங்கேதான் நின்றாள். மீனு வெச்சாப்போல என்றாள். அன்று அதற்கு அவன் சரி என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை. சிரித்ததோடு சரி. அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு முக்காட்டை எடுத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

"பெட்டி வேணாம் மகள்," என்றான். "அடக்கச் சொல்லு."

மறுமுனையில் அவள் அழுதாள். மறுத்துச் சொல்லவில்லை.

ஹாஜியாரிடம் அவனே சொல்ல வேண்டியிருந்தது. பெண்பிள்ளை சொல்லி அவர் கேட்கமாட்டார். ஹாஜியார் தொடங்கினார். பெட்டி பாதி வழி வந்துவிட்டது என்றார், எம்பியின் செயலாளருக்குச் சொல்லியாயிற்று என்றார், ஊர் என்ன நினைக்கும் என்றார். நூஹு வாழ்க்கையில் முதல் தரமாக அவருடைய பேச்சுக்குக் குறுக்கே கதைத்தான்.

"ஹாஜியார், அவ சொன்னவ. வெச்சிரிக்க ஒண்ணா எண்டு சொன்னவ."

சரி நூஹு என்றார் ஹாஜியார். பட்டமெதுவும் இல்லாத, ஒரு வயதுபோன மனிதனின் சத்தமாக இருந்தது.

நூஹு போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அஸர் நேரம். ஊரில் இப்போது அவளைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்குத் தூக்கியிருப்பார்கள். தூரத்தில் இருப்பவனும் மையித்துக்காகத் தொழலாம் என்று ஓதியிருக்கிறான். கை கால் முகம் கழுவி வுழூச் செய்யக் கானைக் கவிழ்த்தான். ஒரு சொட்டும் விழவில்லை. இருந்ததையெல்லாம் பம்ப் குடித்திருந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் மண் போதும் என்பது விதி. ரோட்டோரத்துப் புழுதியில் இரண்டு கையையும் வைத்து எடுத்து, முகத்தில் தடவி, மறுபடியும் வைத்துக் கைகளில் தடவிக்கொண்டான். லொறிக்குப் பக்கத்தில் தனியாக நின்று தக்பீர் கட்டினான். ருகூவு இல்லாத, சுஜூது இல்லாத, நின்றபடியே முடிகிற தொழுகை. நான்காவது தக்பீருக்குப் பிறகு ஸலாம் கொடுக்க அவனுக்கு நெடுநேரம் எடுத்தது. கொடுத்துவிட்டால் முடிந்துவிடும்.

பிறகு ஏறித் திறப்பைத் திருப்பினான். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் திருப்பினான்.

முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் வந்தது.

யாரும் அதைத் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், எதிர்பார்க்காமல் விட்ட அந்த நேரத்தில் பம்ப் தன்பாட்டில் ஆறியிருந்தது. அதன்பிறகு அது எங்கேயும் நிற்கவில்லை. மகாஓயாவில் நிற்கவில்லை. அம்பாறையில் சந்தியில் பொலிஸ்காரன் கைகாட்டி மறித்தபோதும், முணுமுணுத்துக்கொண்டு நின்று, மறுபடி புறப்பட்டது. வயல்வெளி ரோட்டில் நல்ல பிள்ளைபோல ஓடியது. நூஹு அதைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒரு சொல் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பொழுது பட்டு, மஃரிபு தொழுது சனம் கலைந்த நேரத்தில் மையவாடிக்கு வந்து சேர்ந்தான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கடற்கரை மணலில் புதுக் கபுறு, ஈரம் காயாமல், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டு. பக்கத்தில் ஜவுபர் நின்றான். கொஞ்சம் தள்ளி ஹாஜியார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அடக்கிவிட்டு எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லையாம். நூஹுவைக் கண்டதும் வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த வாய் திறந்தால் ஒரு ஹதீஸாவது வரும். ஒன்றும் வரவில்லை. கல்லைப் பற்றியும் கேட்கவில்லை.

நூஹு கபுறின் கிழக்குப் பக்கம், கடல் பக்கம், வந்து நின்றான். மணலைப் பார்த்தான்.

"கபுறுக்குள்ள ஆர் இறங்கின?" என்றான்.

"நாந்தான் மச்சான். முகத்துக் கட்ட நாந்தான் அவுத்த."

"முகம் எப்படி இரிந்த?"

ஜவுபர் தயங்கவில்லை. அந்தக் கேள்விக்காக அவன் பகல் முழுதும் ஆயத்தமாக நின்றிருக்க வேண்டும்.

"வீக்கமெல்லாம் வத்தி, முந்தி இரிந்த மாதிரியே இரிந்த. கலியாணத்துக்குப் புறகு வந்த பெருநாளைக்கு இரிந்தாவே, அப்படி."

பொய். நூஹுவுக்குத் தெரிந்தது. தெரிந்ததை ஜவுபரும் அறிந்துகொண்டான். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"கன்னத்த மண்ணில படவெச்சி, மேற்கப் பாத்தாப்போல சாய்ச்சி வெச்ச," என்றான் ஜவுபர், வழக்கமாகச் செய்வதைச் சொல்வதுபோல.

நூஹு தலையை உயர்த்தி மேற்கே பார்த்தான். தென்னைகளுக்கு அப்பால், ஊருக்கு அப்பால், வயலுக்கு அப்பால், அவன் வந்த ரோடு. அஸர் நேரத்தில் அந்த ரோட்டின் ஓரத்தில், அவனும் மக்காவின் திசையான மேற்கைப் பார்த்துத்தான் தொழுதான். முதுகு இந்தப் பக்கம். இங்கே அவளை இறக்கி, அவன் நின்ற திசையைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். தொழுதபோது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மெதுவாக நடந்தான். கபுறின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு, மணலை மிதித்துவிடாமல், மேற்குப் பக்கம் போனான். அங்கே, அவள் முகம் இருக்கவேண்டிய இடத்துக்கு நேராக, முழங்கால் மடித்து உட்கார்ந்தான்.

ஹாஜியார் பக்கத்தில் வந்து ஏதோ சொல்லப் போனார். ஜவுபர் அவருடைய கையைப் பிடித்து, வாசல் பக்கம் மெல்லக் கூட்டிக்கொண்டு போனான்.